காப்பி குடித்த குதிரை

எதிர்வீட்டு அண்ணாச்சியை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. அறுபது வயதைத் தாண்டியும் ஒரு கோபம் ஆறவில்லை என்றால், அது நியாயமான கோபமாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டு பேருமே குதிரைவண்டிப் பந்தயக்காரர்கள். என்னிடம் ஒரு பெட்டைக் குதிரை இருந்தது. செம்மண் நிறம், கோபக்காரி, என்னைத் தவிர யாரையும் கிட்டே விடாது. மூன்று வருஷமாக எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் அதுதான் முதல். அண்ணாச்சியின் குதிரை எப்போதும் இரண்டாவது.

அந்த வருஷம் கமிட்டிக்காரர்கள் ஊக்கமருந்துச் சோதனை வைத்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு கால்நடை டாக்டர் வந்திருந்தார். ஒவ்வொரு குதிரையாகப் பார்த்து வந்தவர் என்னிடம், "காலையில குதிரைக்கு என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார்.

"காப்பி மட்டுந்தான் சார் குடுத்தேன்" என்றேன்.

எங்கள் ஊரில் காலை ஆகாரம் எதுவானாலும் அதற்குப் பெயர் காப்பி. புட்டும் பயறும் தின்றுவிட்டுக் காப்பி குடித்தாயிற்று என்போம். குதிரைக்கும் அதே பேச்சுத்தான். நான் கொடுத்தது ஊறவைத்த கொள்ளும் கொஞ்சம் புல்லும். ஆனால் டாக்டர் அதற்குள் பேனாவை எடுத்துவிட்டார். காப்பியில் இருக்கும் கஃபீன் பந்தயக் குதிரைக்கு ஆகாத சரக்காம். நான் விளக்கம் சொல்லச் சொல்ல, மாட்டிக்கொண்டதும் பேச்சை மாற்றுகிறேன் என்று நினைத்தார். பக்கத்தில் நின்ற அண்ணாச்சியிடம், "இங்க காப்பின்னா வேற அர்த்தம் ஏதாவது உண்டுங்களா?" என்று கேட்டார்.

தினமும் காலையில் வாசலில் நின்றுகொண்டு, "காப்பி குடிச்சியா மக்கா?" என்று என்னைக் கேட்கிற மனிதர் அவர். தலையைச் சொறிந்தார்.

"காப்பின்னா காப்பிதான் சார். வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது."

கமிட்டிக்காரர்கள் ஓடிவருவதற்குள் டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் எழுதினால் ரிப்போர்ட் வரும்வரை யாரும் மாற்றக்கூடாது என்பது அவர்களே போட்ட விதி. ரத்தமும் மூத்திரமும் எடுத்துக்கொண்டு, குதிரையை ஓரமாகக் கட்டச் சொன்னார்கள். அன்றைக்குக் கோப்பையை அண்ணாச்சி வாங்கினார்.

ரிப்போர்ட் வர இரண்டு மாதம் ஆனது. டீக்கடைக்குப் போனால், "குதிரைக்குப் பால் காப்பியா, கட்டன் காப்பியா வே?" என்று கிண்டல். சீசன் முழுக்கக் குதிரை லாயத்தில் நின்றது. அடுத்த சீசனுக்குள் முட்டி வீங்கிவிட்டது, பிறகு ஓடவே இல்லை. என்னைச் சொல்லியிருந்தால் துடைத்துப் போட்டிருப்பேன். மருந்துக் குதிரை என்று அதற்கல்லவா பேர் வந்தது? அந்தப் பேரைக் கழுவாமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

ரிப்போர்ட்டில் மருந்து எதுவும் இல்லை. தக்கலையில் கூடிய கமிட்டிக் கூட்டத்தில், அதை அண்ணாச்சிதான் வாசிக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். கல்ஃபில் பல வருஷம் இருந்தவர், இங்கிலீஷ் தெரியாது என்று தப்பிக்க முடியாது. வாசித்தார்.

"அன்னைக்கு ஏன் அண்ணாச்சி வாயத் தொறக்கல்ல?" என்று கேட்டேன்.

"உன் குதிரை ஓடினா என் குதிரை எப்ப மக்கா ஜெயிக்கும்?"

மெதுவாகத்தான் சொன்னார். கூட்டம் முழுக்கக் கேட்டது. கோப்பையைத் திருப்பி வாங்கி எனக்குத் தரலாம் என்றார் தலைவர்.

"வேண்டாம். அது அவரு வீட்டுலயே இருக்கட்டும். வாறவங்க போறவங்க எல்லாரும் பாக்கட்டும்" என்றேன். அண்ணாச்சியின் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

போன மாதம் அவர் மகளுக்குக் கல்யாணம். போகவேண்டாம் என்றாள் என் வீட்டுக்காரி. நான் வேட்டியைத் தேய்த்து உடுத்திக்கொண்டு முதல் ஆளாகப் போனேன். முன்னறை ஷோகேஸில் துபாய் பொம்மைகள் இருந்தன, பீங்கான் தட்டுகள் இருந்தன. கோப்பை இல்லை. நான் தேடுவதை அண்ணாச்சி பார்த்துவிட்டார்.

"சாப்பிட வா மக்கா" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கோப்பை எங்க அண்ணாச்சி?" என்று நான் சத்தமாகவே கேட்டேன்.

சம்பந்தி திரும்பிப் பார்த்தார். "என்ன கோப்பை?" என்றார்.

நான் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சம்பந்தி பக்கத்தில் உட்கார்ந்தேன்.