எந்த ஜஹாஜ்

அந்த நாளில் இருந்தவர்கள் ஐந்து பேர். அத்தான், அக்கா, அவர்களுடைய மகள், நான், டாக்ஸி ஓட்டிய சர்தார்ஜி. இதில் மகள் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ் வாசலோடு நின்றுகொண்டாள். அவளுக்குக் காலேஜ் பரீட்சை. மற்ற நாலு பேரும் மதுரா வரைக்கும் போனோம். டாக்ஸியில் மதுரா போவது யாருடைய திட்டத்திலும் இல்லை.

திட்டம் வேறு. அத்தான் டெல்லியில் கப்பல் விவகாரம் பார்க்கிற சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. கப்பல் வாங்குகிற காகிதங்களை ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நகர்த்தியே தலை நரைத்தவர். ஒரு கப்பலையாவது கண்ணால் பார்த்தாரா என்றால் இல்லை. டெல்லியில் கடலுக்கு எங்கே போவது? சொந்த ஊரும் திருநெல்வேலிக்கு மேற்கே, கடலை விட்டு ஒதுங்கிய ஊர். எண்பதுகளின் தொடக்கத்தில், அவர் கடைசியாகக் காகிதம் பார்த்த கப்பல் கட்டி முடிந்து மெட்ராஸ் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. பயணிகளை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு வெள்ளோட்டம் உண்டு, சாயங்காலம் கிளம்பி ராத்திரி கடலில் இருந்துவிட்டுக் காலையில் திரும்பிவிடும், அதன் காகிதம் பார்த்த பிரிவில் இருந்தவர்கள் மனைவியோடு வரலாம் என்று ஆபீசில் சொன்னார்கள். ரயில் செலவு அவரவர் பாடு.

அத்தானுக்கு அந்த மாசக் கடைசியில் ரிட்டயர்மெண்ட். போன குளிரில் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். ரயிலில் படுத்துக்கொண்டு போகலாம், ஓடக் கூடாது, மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை விட்டால் அவருக்குக் கப்பல் கிடையாது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கூடத் துணைக்கு நான் மெட்ராஸ் வரை போவதாக ஏற்பாடு. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அக்கா வீட்டில் இருந்துகொண்டு கரோல் பாக்கில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தேன். படிப்பு வராவிட்டாலும் கவலை நன்றாக வரும். செய்தி கேட்ட நாளிலிருந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். வண்டி கவிழ்ந்தால்? பெர்த் மாறிப் போனால்? அதற்கும் மேலே, இது புதுக் கப்பல். இதுவரை ஓடாத ஒன்றில் முதலில் ஏறுவானா ஒருவன்?

"அத்தான், நாலு நாள் முன்னாடியே போயிருவோம்" என்றேன்.

"நாலு நாள் முன்னால போயி என்ன மாப்ளே செய்ய? கப்பலுக்குப் பெயிண்ட் அடிக்கவா?"

லீவும் அவ்வளவுதான் கிடைத்தது. கப்பல் கிளம்புகிற அன்றைக்குக் காலையில் மெட்ராஸ் போய்ச் சேருகிற வண்டியில்தான் டிக்கெட். அந்த வண்டி தவறினால் அடுத்த வண்டி போய்ச் சேரும்போது கப்பல் கடலில் இருக்கும். இதை நான் சாப்பிடும்போது சொன்னேன், குளித்துவிட்டு வந்து சொன்னேன்.

அக்கா மகள் சிரித்தாள். "மாமா சோச் சோச்கே, யோசிச்சு யோசிச்சே கப்பலை முழுக அடிச்சிருவாங்க."

"அவன் ஆரம்பிச்சா நிப்பாட்ட மாட்டான்ளா. நீ போய்ப் படி" என்றாள் அக்கா.

கிளம்புகிற அன்று நான் ஒரு ஏற்பாடு செய்தேன். சாமான்களோடு முதலில் ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் ஸ்டேஷன் போய், பெர்த்தில் படுக்கையை விரித்துவிடுவேன். அத்தான் வந்ததும் நேரே படுக்க வேண்டியதுதான். டிக்கெட் என் பையில். வேறு யாரிடமும் கொடுக்க மனசு வரவில்லை. அத்தானும் அக்காவும் பின்னால் டாக்ஸியில் வருவார்கள். தெருமுனை டாக்ஸி ஸ்டாண்டில் இருந்த பெரிய தாடி சர்தார்ஜியிடம் முந்தின நாளே போய், இது சாதாரண சவாரி இல்லை, எங்கள் ஜீஜாஜி, அக்கா புருஷன், ஜஹாஜில் போகிறார், ஜஹாஜ், லேட் ஆகக் கூடாது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். ஜஹாஜ் என்றால் கப்பல். கிளம்பும்போது இன்னொரு தடவை போய்ச் சொன்னேன். "அச்சா பாய், சமஜ் கயா, ஜஹாஜ்" என்று, புரிந்துவிட்டதாகச் சொல்லி அவர் கும்பிடு போட்டார்.

ஸ்டேஷனில் எல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது. படுக்கையை விரித்தேன். தண்ணீர் பிடித்து வைத்தேன். பிறகு கதவில் நின்றுகொண்டு பார்த்தேன். டெல்லி பூராவும் வந்து ஏறியது, அவர்கள் இரண்டு பேர் வரவில்லை. கார்டு விசில் ஊதினான். நான் மட்டும் மெட்ராஸ் போய் என்ன செய்ய? படுக்கையைச் சுருட்டினதுகூட நினைவில்லை. பெட்டியும் படுக்கையும் பிளாட்பாரத்தில் கிடக்க, வண்டியின் கடைசிப் பெட்டி என்னைத் தாண்டிப் போனது. நெஞ்சு வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருப்பார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். டெலிபோன் எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். பின்னால் அத்தான், ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து. அவருக்கும் பின்னால் சர்தார்ஜி.

"பாலத்துக்குப் போயிட்டோம்ல" என்றாள் அக்கா.

"எந்தப் பாலம்? யமுனா பாலமா? அங்க எதுக்கு?"

"ஏரோப்ளேன் நிக்குமே, அந்தப் பாலம்."

எனக்குப் புரியவில்லை. சர்தார்ஜி என் முகத்துக்கு நேரே கை நீட்டினார். "தூனே ஜஹாஜ் போலா. ஜஹாஜ் பாலம் ஸே ஜாதா ஹை." நீ ஜஹாஜ் என்றாய், ஜஹாஜ் பாலம் ஏர்போர்ட்டிலிருந்துதானே போகும் என்கிறார்.

இந்தியில் கப்பலும் ஜஹாஜ்தான், விமானமும் ஜஹாஜ்தான். டெல்லிக்காரன் பிறந்ததிலிருந்து தலைக்கு மேலே பார்ப்பது விமானம். கப்பலை அவன் எங்கே கண்டான்? ஜஹாஜ், ஜஹாஜ் என்று சொன்ன நான் ஸ்டேஷன் என்கிற வார்த்தையைச் சொல்லவே இல்லை. மெட்ராசுக்குப் போகிறவன் ஸ்டேஷனுக்குத்தானே போவான் என்று இருந்துவிட்டேன்.

"வழியில நீங்களாவது பாத்துச் சொல்லியிருக்கக் கூடாதா, அத்தான்?"

"அவ சொன்னா, ரோடு வேற மாதிரி இருக்குன்னு. நாந்தான், உன் தம்பி மாதிரி ஆரம்பிக்காத, சர்தாருக்குக் குறுக்கு வழி தெரியும்னேன்."

சொல்லிவிட்டு அத்தான் படுக்கைச் சுருட்டின் மேல் உட்கார்ந்தார். "சரி, விடு. வீட்டுக்குப் போவோம்." முகத்தில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பெட்டி தூக்க வந்த போர்ட்டர்தான் ஒரு சேதி சொன்னான். ஃபரீதாபாத் தாண்டி லைன் வேலை நடக்கிறது, நாலு நாளாக எல்லா வண்டியும் ஊர்ந்துதான் போகிறது, மதுராவில் வேண்டுமானால் பிடிக்கலாம். அவன் சொல்லி முடிக்கவில்லை, சர்தார்ஜி எங்கள் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்தப் பயணத்தில் நான் ரோட்டைப் பார்க்கவில்லை. முன் சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து அத்தானின் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே வந்தேன், மூச்சு ஒழுங்காக ஏறி இறங்குகிறதா என்று. மாட்டு வண்டி, டிராக்டர், லாரி, எல்லாவற்றையும் சர்தார்ஜி முந்தினார். நான் மெதுவாகப் போகச் சொல்லி "தீரே, தீரே" என்றேன். பின்னாலிருந்து அத்தான் "தேஸ், தேஸ்" என்று வேகமாக ஓட்டச் சொன்னார். மதராசிகள் இரண்டு பேரும் முதலில் பேசி முடிவு பண்ணிக்கொண்டு சொல்லுங்கள் என்றார் சர்தார்ஜி.

பல்வல் தாண்டியதும் அத்தானுக்கு நெற்றி வியர்த்தது. நான் வண்டியை நிறுத்தச் சொன்னேன். சர்தார்ஜி ஓரம் கட்டினார். அக்கா அத்தான் முகத்தைத் துடைத்துவிட்டு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள்.

"திரும்பிருவோமாங்க?" என்றாள்.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தோம்.

"நிறுத்தினாத்தான் எனக்கு நெஞ்சு வலிக்கும்" என்றார். "போகச் சொல்லு."

அக்கா சர்தார்ஜியைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். என்னை யாரும் கேட்கவில்லை.

மதுராவில் நாங்கள் உள்ளே நுழையவும் வண்டி எதிர்ப் பிளாட்பாரத்துக்குள் வரவும் சரியாக இருந்தது. அங்கே போக மேம்பாலம் ஏற வேண்டும். அத்தான் அந்தப் படிகளை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். நான் தூக்கிக்கொண்டு ஏறுவதா என்று யோசிப்பதற்குள், பார்சல் ஏற்றுகிற தள்ளுவண்டி ஒன்றை சர்தார்ஜி எங்கிருந்தோ உருட்டி வந்தார். படுக்கையை அதில் போட்டு, அத்தானை அதன் மேல் உட்கார வைத்து, பிளாட்பாரக் கோடியில் லைனைக் கடக்கிற பாதையில் நானும் அவரும் தள்ளிக்கொண்டு ஓடினோம். ஒரு ரயில்வேக்காரன் கத்தினான். சர்தார்ஜி பதிலுக்கு அவனைவிடப் பெரிதாகக் கத்தினார்.

"ஏல, சாச்சுப்பிடாத" என்று அக்கா பின்னால் ஓடி வந்தாள்.

"மாப்ளே, செக்ரெட்டரிக்குக்கூட இப்படி ஒரு வண்டி கிடையாது" என்றார் அத்தான்.

அவரை ஏற்றி, அக்காவை ஏற்றி, நான் ஏறினபோது வண்டி நகர்ந்துவிட்டது. கையில் இருந்த பணத்தைக் கதவு வழியாக சர்தார்ஜியிடம் நீட்டினேன். வழிச் செலவுக்கு வைத்துக்கொள், வந்து பார்க்கலாம் என்று கையைக் காட்டிவிட்டு அங்கேயே நின்றார்.

மெட்ராசில் கப்பலில் ஏற அத்தானுக்கு வெகு நேரம் பிடித்தது. சாய்வுப் பலகையின் கைப்பிடியைப் பிடித்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி ஏறினார். பாதியில் அவர் நின்றபோது பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். நான் கீழேயே நின்றேன். மேலே போனதும் வெள்ளை அடித்த கம்பியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, எனக்குக் கையசைக்காமலே உள்ளே போய்விட்டார். ராத்திரி முழுக்க நான் துறைமுகத்துக்கு வெளியே காற்று வீசுகிறதா என்று பார்த்தபடி இருந்தேன். காலையில் அக்கா வாந்தி எடுத்து வெளிறிப் போய் இறங்கினாள். அத்தான் தெளிவாக இருந்தார்.

"எப்படி இருந்துச்சு அத்தான்?"

"தூங்கவே இல்ல மாப்ளே. கண்ணை மூடினா முடிஞ்சு போயிருமோன்னு இருந்துச்சு."

டெல்லி திரும்பியதும் மூன்று பேரும் டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனோம். மதுரா வாடகையை சர்தார்ஜி எண்ணாமல் வாங்கிக்கொண்டார். பாலம் போய்த் திரும்பியதற்குக் கொடுத்ததை வாங்க மறுத்தார். கேட்டுக்கொள்ளாமல் ஓட்டினது என் தப்பு என்றார். ரோட்டைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தது என் தப்பு என்றார் அத்தான். வார்த்தையை விட்டவன் நான் என்று நானும் சொன்னேன். அடுத்த சவாரியில் பார்த்துக்கொள்ளலாம் என்று சர்தார்ஜி பேச்சை முடித்தார். அடுத்த சவாரிக்கு முன்னால் அவர் வேறு ஊருக்குப் போய்விட்டார். எந்த ஊர் என்று ஸ்டாண்டில் யாருக்கும் தெரியவில்லை. அத்தான் இப்போது இல்லை. நான் இன்னமும் டாக்ஸியில் ஏறினால் டிரைவர் முகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்கிறேன். பாலம் சுற்றி ஸ்டேஷன் வந்ததற்கு நான் அவருக்கு இன்னும் தர வேண்டிய பாக்கி, மீட்டர் காட்டிய ஐம்பத்தெட்டு ரூபாய்.