வெள்ளைப் பெனியன் போட்ட காகங்கள்

நான் வைத்த சோற்றால் ஒரு மனிதருக்கு வேலை போனது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபிரிக்காப் பயணம், யானை, ஒட்டகச்சிவிங்கி என்று தொடங்கினால், முடிக்கும்போது என்னையே நல்லவளாக்கி வைத்திருப்பேன். அந்தக் கெட்டித்தனம் எனக்கு உண்டு.

நியூசிலாந்தில், ஆக்லாந்தில் காகம் கிடையாது. பக்குரங்காவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் இருபது வருடங்களாகப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதமிருந்து, எள்ளுச் சோறு பிசைந்து, வேலிக்கட்டையின் மேல் வைத்து வருகிறேன். வருவது கடற்பறவைகள். அவை கூச்சல் போட்டுச் சண்டை பிடித்துத் தின்றுவிட்டு, என் கணவரின் காரில் எச்சமிட்டுப் போகும். பாபகூராவில் இருக்கும் ஓர் அக்கா அங்கே திரிகிற மக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவையைக் காகமென்று வைத்துக்கொண்டு நிம்மதியாக விரதம் முடிக்கிறார். எனக்கு அந்த மனப்பக்குவம் வரவில்லை. சனீஸ்வரனுக்கு வைத்த சோற்றைக் கண்டதும் தின்றுவிட்டுப் போவதாகத்தான் ஒவ்வொரு வருடமும் மனம் சொல்லும்.

அந்த வருடம் அது வெறும் மனக்குறையாக இருக்கவில்லை. கணவருக்கு ஏழரைச் சனி. அவர் வேலை செய்யும் குளிர்களஞ்சியத்தில் ஆட்குறைப்பு என்று அறிவித்துவிட்டார்கள். யார் யார் போவது என்பது ஒக்டோபரில்தான் தெரியும். வயது ஐம்பத்தெட்டு. முழங்கால் இரண்டும் பழுது. வெளியே அனுப்பினால் இன்னொருவன் எடுக்கமாட்டான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரவுச் சாப்பாட்டில் பாதியை ஒதுக்கிவிட்டு எழும்பிப் போகத் தொடங்கியிருந்தார்.

இதற்கெல்லாம் முன்பே மகள் எனக்கொரு பயணம் ஒழுங்கு செய்திருந்தாள். ஆபிரிக்காவில் ஆறு வாரம், அடிபட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கும் முகாம் ஒன்றில் தொண்டு வேலை. தொலைக்காட்சியில் சிங்கம் பார்த்துவிட்டு நான் வாயைத் திறந்ததன் பலன். போகமாட்டேன் என்று நின்றேன்.

"நீர் போட்டு வாரும்," என்றார் கணவர். "நீர் இஞ்ச இருந்து அழுதாலும் அவங்கள் அனுப்பிறதெண்டால் அனுப்பத்தான் போறாங்கள்."

போனேன். தென்னாபிரிக்காவின் மேற்குப் பக்கம், முழங்கால் உயரப் புதர்களும் கல்லுமாக ஒரு வறண்ட நிலம். சிங்கம் இல்லை. மூன்று காலில் நொண்டும் ஒரு நரி, ஒற்றைக் கண் ஆந்தை, கூரை வழியாக இறங்கிக் குப்பைத் தொட்டியைக் கிளறும் பபூன் குரங்கு, பிறகு ஆமைகள். என் கையில் ஒரு கத்தியும் பூசணிக்காயும் தந்தார்கள். முப்பது வருடம் வீட்டில் செய்ததைச் செய்ய விமானம் ஏறிப் போயிருக்கிறேன்.

முகாமை நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வெயிலில் காய்ந்து கறுத்த முகம். முதல் நாளே எங்களை வரிசையாக நிறுத்திச் சொன்னார்: நாங்கள் உணவு கொடுக்கும் விலங்குகளுக்கு மட்டுந்தான் உணவு. வேறு எதற்கும், ஒரு குருவிக்குக்கூட, எதையும் போடக்கூடாது. கையெழுத்துப் போடச் சொன்னார். வாசித்துப் பார்த்துத்தான் போட்டேன்.

ஆமைகளைப் பார்த்துக்கொண்டவர் அந்த ஊர்க்காரர். என் வயதுதான் இருக்கும். மெலிந்த ஆள், எந்த வெயிலிலும் கம்பளித் தொப்பி. என்னை 'மா' என்று கூப்பிடுவார். பாதை போடுகிறவர்கள் கிளறிவிட்ட முட்டைகளைப் பொறுக்கி வந்து, மணலில் புதைத்து, மழைக்காலத்தில் பொரிக்க வைத்திருந்தார். பத்தொன்பது குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் அளவு. ஓடு இன்னும் இறுகவில்லை, நகம் போல வளைந்து கொடுத்தது. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். நாலு காலாலும் காற்றில் நீந்தியது. அதைத் தன் போனில் படமெடுத்து எனக்கு அனுப்பினார். என் நம்பர் அவரிடம் போனது அப்படித்தான்.

தினமும் காலையில் அவற்றைத் தாழ்வான ஒரு மரப்பெட்டியில் வெயிலுக்கு வைப்பார். மேலே கம்பிவலை மூடி. மூடியைத் திறந்து சுத்தம் செய்து, தண்ணீர் மாற்றி, மறுபடி மூட அரை மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் அவற்றோடு கதைத்துக்கொண்டேயிருப்பார்.

புரட்டாசி முதல் சனிக்கிழமை, உடுப்புக் காயவைக்கும் கொடிக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன், தூரத்தில் பாதையில் அடிபட்டுக் கிடந்த எதையோ காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. காகங்கள்தான். ஆனால் நெஞ்சில் வெள்ளை, கறுத்த ஆள் பெனியன் போட்டது மாதிரி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கணவருக்குப் போன் செய்து, இது கணக்கில் வருமா என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சாளிடம் கேட்கச் சொன்னேன். மச்சாள் கோயில் ஐயரைக் கேட்டு அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது.

"காகம் எண்டால் காகம்தானாம்," என்றார் கணவர். "வெள்ளை இருந்தால் என்ன, வைக்கட்டாம்." பல நாளைக்குப் பிறகு அவர் குரலில் ஒரு சிரிப்பு இருந்தது.

அன்று கொடிக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல்லில் எள்ளுச் சோறு வைத்தேன். விதி நினைவிருந்தது. ஆனால் அது விலங்குக்கு உணவு போடுவதைப் பற்றியது, இது விரதம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு காகம் வந்தது. தலையைச் சரித்துப் பார்த்தது. தின்றது. இருபது வருடத்துக்குப் பிறகு நான் ஒழுங்காக விரதம் முடித்தேன்.

இரண்டாவது சனி ஐந்து வந்தன. பிறகு, சனிக்கு மட்டும் வைத்தால் மறந்துவிடுமோ என்று இடைநாட்களிலும் மிச்சச் சோறு வைக்கத் தொடங்கினேன். மூன்றாவது சனி நான் போகுமுன்பே தண்ணீர்த் தாங்கியின் மேல் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தன. எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆமைக்காரர் இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்று பக்கத்தில் வந்து, ஏன் என்று கேட்டார். கணவரின் வேலையைப் பற்றிச் சொன்னேன். என் உடைந்த ஆங்கிலத்தில் சனீஸ்வரனை விளங்கப்படுத்த முடியாது. ஆனால் அவர் அரைவாசியிலேயே தலையாட்டினார். தன் தாயும் குடிக்கிறதில் முதல் வாயை நிலத்தில் ஊற்றுவாராம், செத்துப்போனவர்களுக்கு. பிறகு தாங்கியைப் பார்த்து, இவை இவ்வளவு கிட்ட வந்து உட்காருவது தனக்குப் பிடிக்கவில்லை, சின்னவை இருக்கின்றன என்றார்.

"இன்னும் இரண்டு சனிதான்," என்றேன்.

தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டார். "சரி, மா. இரண்டு."

நாலாவது சனி காலை சமையலறையில் காஸ் தீர்ந்துவிட்டது. வேறு சிலிண்டர் மாட்டி, அரிசி போட்டு, அது வேக முக்கால் மணி நேரம் பிந்தியது. காகங்கள் தங்கள் நேரத்துக்கு வந்திருக்கின்றன. கல் வெறுமையாக இருந்திருக்கிறது. ஆமைக்காரர் மூடியைத் திறந்து வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போயிருக்கிறார். ஒவ்வொரு நாளும் அப்படித்தான் போவார். பத்து நிமிடம் இருக்காது.

நான் சோற்றுக் கிண்ணத்தோடு வெளியே வரும்போது அவர் ஓடிவருவதைத்தான் முதலில் கண்டேன். பிறகு பெட்டியை.

காகத்துக்கு எங்கே மென்மை என்று தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் மல்லாக்கப் புரட்டி அடிவயிற்றைக் கொத்தித் திறந்திருந்தன. சிலதைத் தூக்கிக்கொண்டு போய்த் தாங்கியின் மேல் வைத்துத் தின்றுகொண்டிருந்தன. ஒன்று, வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் வெளியே கிடக்க, நாலு காலாலும் காற்றில் நீந்திக்கொண்டிருந்தது. முகாம் வைத்தியர் வந்து, உயிர் மிச்சமிருந்தவற்றை ஒவ்வொன்றாக ஊசி போட்டு முடித்தார். அவர் எடுக்க எடுக்க நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பதினேழு. இரண்டு மட்டும் தண்ணீர்ச் சட்டிக்கு அடியில் புகுந்து தப்பியிருந்தன. ஆமைக்காரர் தொப்பியைக் கழற்றி முகத்தில் வைத்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்திருந்தார். என் கையில் இருந்த கிண்ணத்தை எப்போது கொண்டுபோய்ச் சமையலறையில் வைத்தேன் என்று நினைவில்லை. ஆனால் கழுவி வைத்திருக்கிறேன். அது மட்டும் நிச்சயம்.

நடத்துகிற பெண்மணி எல்லோரையும் கூட்டினார். கொடிக்குப் பின்னால் இருந்த கல்லில் முந்திய நாள் பருக்கைகள் காய்ந்து ஒட்டியிருந்ததைக் கண்டுவிட்டார்.

"இங்கே சோறு எப்படி வந்தது?"

ஆமைக்காரர் என்னைப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்திருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன் என்று பல நாள் எனக்கு நானே கதைவிட்டிருக்கிறேன். பொய். வாயைத் திறந்தது நான்தான்.

"பபூன் குப்பைத் தொட்டியிலிருந்து இழுத்து வந்திருக்கும்," என்றேன்.

நல்ல பொய். எல்லோரும் நம்பக்கூடிய பொய். ஒன்றை மட்டும் நான் யோசிக்கவில்லை. இல்லை, யோசித்தேனோ தெரியாது. குப்பைத் தொட்டிக்கு மாலையில் கொளுக்கி போடுவதும் ஆமைக்காரரின் வேலை.

பெண்மணி அவர் பக்கம் திரும்பினார். தொட்டியையும் பூட்டவில்லை, பெட்டியையும் திறந்துவிட்டுப் போயிருக்கிறாய், இல்லையா என்று கேட்டார். அவர் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டு, ஆம் என்றார். இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆம்.

திங்கட்கிழமை மத்தியானம் அவரை அனுப்பிவிட்டார்கள். பதினோரு வருடம் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு பையோடு, பிக்கப் வண்டியின் பின்னால் உட்கார்ந்து போனார். நான் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். என்னைக் கடக்கும்போது கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன், கத்தியோடு.

மறுநாள் காலை கணவர் போன் செய்தார். பதினாலு பேரை அனுப்பிவிட்டார்களாம். அவர் பெயர் இல்லை.

"உம்மட விரதம்தானப்பா," என்றார். அழுதார். கலியாணம் கட்டி முப்பது வருடத்தில் அவர் எனக்குக் கேட்க அழுதது அன்றுதான்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்கமாட்டேன். குற்ற உணர்ச்சி பிறகுதான் வந்தது; முதலில் வந்தது சந்தோஷம். ஐந்தாவது சனிக்கும் சோறு வைத்தேன். முகாம் வேலிக்கு வெளியே அரை மணி நேரம் நடந்து போய் வைத்தேன். தொடங்கியதைப் பாதியில் விட்டால் கூடாது என்ற பயம்.

திரும்பி வந்தபின் ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் பக்கம் ஒரு வீட்டுப் பூசையில் படங்களைக் காட்டச் சொன்னார்கள். நரி, ஆந்தை, உள்ளங்கையில் ஆமைக்குஞ்சு. வடிவு, வடிவு என்றார்கள். அங்கே காகம் இருந்ததையும், ஐந்து சனியும் வைத்ததையும் சொன்னேன். மலேசியாவிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"காக்காவே வந்து சாப்பிட்டிச்சாம்மா? நீங்க குடுத்து வச்சவங்க."

"ஓம்," என்றேன்.

கணவரிடம் மட்டும் முழுவதையும் சொன்னேன். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டே கேட்டார். அந்தப் பெண்மணிக்கு இப்போதாவது எழுதவா என்றேன்.

"எழுதி? அவன்ர வேலையைத் திருப்பிக் குடுப்பினமே? இனி ஏன் அதைக் கிண்டுறீர்?"

அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்துதான் அவரிடம் கேட்டேன். மகளிடம் கேட்டிருந்தால் அன்றே எழுத வைத்திருப்பாள். அவளிடம் கேட்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, வேலிக்கட்டையில் சோற்றை வைத்துவிட்டுத் திரும்பும்போது போன் ஒலித்தது. புரட்டாசி இல்லை, இப்போதெல்லாம் எல்லாச் சனியும் வைக்கிறேன். ஆமைக்காரரின் செய்தி.

இது ஒருநாள் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் என்ன சொல்வது என்று எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நற்சான்றுக் கடிதம் கேட்டால் ஒரு பதில். உண்மையைச் சொல்லச் சொன்னால் ஒரு பதில். திட்டினால் பதிலே போடாமல் நம்பரைத் தடுத்துவிடுவது.

'மா, சுகமா? உங்கள் கணவருக்கு வேலை இருக்கிறதா?'

அவ்வளவுதான். இன்னும் ஏதாவது வருமென்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை.

'இருக்கிறது' என்று அனுப்பினேன்.

'நல்லது. சந்தோஷம், மா. அப்படியென்றால் வீணாகப் போகவில்லை.'

உங்களுக்கு வேலை கிடைத்ததா என்று எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். இல்லை என்று பதில் வந்தால் நான் ஏதாவது செய்தாக வேண்டும். அழித்துவிட்டேன்.

"ஆரப்பா போனில?" என்று உள்ளேயிருந்து கணவர் கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை."

"சோறு வைச்சிட்டீரோ? காரைக் கராஜுக்குள்ள விடவேணும். உதுகள் எச்சம் போடப்போகுதுகள்."

வைத்துவிட்டேன் என்றேன். கடற்பறவைகள் அதற்குள் வந்துவிட்டிருந்தன. கணவருக்கு ஏழரை முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது.