கழுவி வந்த போத்தல்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. காலை பத்து மணி. ஆபீஸுக்கு வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஓர் அம்மா விறுவிறுவென்று உள்ளே வந்து, என் மேஜை மேல், விரித்து வைத்திருந்த ரிஜிஸ்தர் மேலேயே, ஒரு செம்பை வைத்தார்.

"குடிங்கய்யா" என்றார்.

"என்னம்மா இது?"

"எங் கெணத்துத் தண்ணி. உப்புன்னு எழுதிக் குடுத்தீகள்ல, அதே தண்ணி. மொதல்ல குடிங்க. பெறகு பேசுவோம்."

இந்தப் பத்தியை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும்... நான் பேனா பிடிப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற ஆறு நாளும் ப்யூரெட் என்கிற அளவுக் குழாயைப் பிடிக்கிறேன். பரமக்குடிக்கும் ராமநாதபுரத்துக்கும் நடுவே, ரயில் பாதை ஓரம், ஒரு சின்ன லேப். விவசாயிகள் மண்ணும் கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவருவார்கள். நாங்கள் சோதித்துச் சீட்டு எழுதிக் கொடுப்போம். எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். ஊரைச் சொன்னால் மேலதிகாரிக்கு ஆளைச் சொன்ன மாதிரி.

லேபில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் ஒரு போர்டு தொங்குகிறது. எழுதி மாட்டியவன் நான்தான். அந்த போர்டுக்கு நேர் கீழே நின்று செம்பைத் தூக்கிக் குடித்தேன்.

நல்ல தண்ணீர். எங்கள் லேப் பானைத் தண்ணீரைவிட நல்ல தண்ணீர்.

ரிஜிஸ்தரைப் புரட்டினேன். காளியம்மாள், நயினார்கோவில் பக்கத்துக் கிராமம், புதுக் கிணறு. முடிவு: உப்பு அதிகம், பாசனத்துக்கு ஏற்றதல்ல. கீழே என் கையெழுத்து. அன்றைக்கென்று பார்த்து ரொம்ப அழகாகப் போட்டிருந்தேன்.

"உட்காருங்கம்மா" என்றேன். உட்காரவில்லை. நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

கணவர் இறந்து நாலு வருஷம். ஒன்றரை ஏக்கர் நிலம், மழையை நம்பியது. "பொம்பளையால வெள்ளாமை பாக்க முடியாது. நெலத்த எங்கிட்ட விட்டுருங்க, கஞ்சிக்கு நாம் பாத்துக்கிறேன்" என்று கொழுந்தன் முத்திருளன் நச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். இந்த அம்மா காதில் வாங்கவில்லை. தன் அண்ணன் தம்பி இருவரையும் கூட்டிவந்து பங்குனியில் கிணறு தோண்ட ஆரம்பித்து, ஆனியில் ஊற்றுக் கண்டுவிட்டார். கரையில் மிளகாய் நாற்றும் விட்டாயிற்று. அதன் பிறகுதான் கொழுந்தன் ஊர்க் கூட்டத்தில் வாயைத் திறந்திருக்கிறார். இந்தப் பக்கம் எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் வந்தது? சர்க்கார் லேபில் சோதிக்கட்டும். நல்லது என்று சீட்டு வந்தால் நான் பேசவில்லை. உப்பு என்று வந்தால் நிலத்தை விட்டுவிட வேண்டும்.

"நீங்க சரின்னுட்டீங்களா?"

"ஏன் சொல்ல மாட்டேன்? தெனம் நாங் குடிக்கிற தண்ணிய்யா. சீட்டு மாத்திப் பேசும்னு யாரு கண்டா? வர்ற வெள்ளிக்கெழம ஊரு கூடுது. அன்னைக்கு நெலத்த விட்டுறணும்."

அழுதிருந்தால்கூட ஆறுதல் சொல்லிச் சமாளித்திருப்பேன். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அது பயமாக இருந்தது.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். எங்கள் 'கூட்டு ஏற்பாடு' பற்றிச் சொல்லாமல் கதை நகராது.

சுதந்திரம் வந்து பதினைந்து வருஷம் ஆகப்போகிறது. ஐந்தாண்டுத் திட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வருகின்றன. எங்கள் லேபுக்கும் ஏதோ வந்தது — கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நல்ல தராசு. ஆனால் தண்ணீரில் உப்பு பார்க்கத் தேவையான சில்வர் நைட்ரேட் வரவில்லை. கேட்டு எழுதினால் பதில் வரும், சரக்கு வராது. புதுமடம் கரையில் ஒரு கல்லூரிக்காரர்கள் இரண்டு அறையில் கடல் லேப் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் சில்வர் நைட்ரேட் தாராளம். கடல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தினமும் பார்ப்பதுதான் அவர்கள் வேலை. (கடலில் உப்பு இருப்பதில் என்ன சந்தேகம் என்று ஒரு தடவை கேட்டேன். இரண்டு மாதம் பேசவில்லை.) ஆனால் உப்புக் காற்றில் அவர்கள் தராசு துருப்பிடித்துப் போயிற்று. மூன்றாவதாக ஓர் ஆஸ்பத்திரி லேப். அங்கே காலி மருந்து போத்தல்கள் மலை மலையாகக் கிடந்தன, நல்ல தராசுதான் இல்லை. எங்களிடம் போத்தலே கிடையாது.

ஆளுக்கு ஒன்று இருக்கிறது. ஆளுக்கு ஒன்று இல்லை. மூன்று பேரும் சேர்ந்துகொண்டால் என்ன? யோசனை என்னுடையதுதான்.

சேர்வது அவ்வளவு லேசா? முதல் கூட்டத்தை எங்கே நடத்துவது என்பதிலேயே ஒரு மாதம் ஓடியது. யாருடைய லேபில் கூடினாலும் மற்ற இருவரும் அவரைத் தேடிப் போன மாதிரி ஆகிவிடுமே! கடைசியில் ராமநாதபுரம் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் கூடினோம். பெஞ்சு எங்கள் யாருடைய அதிகாரத்துக்கும் கீழே இல்லை.

ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டேன். 'எங்களுக்குத் தேவை.' 'எங்களால் தர முடிந்தது.' முதல் கட்டம் நிரம்பி, ஓரத்தில் ஏறி, பின்பக்கமும் போயிற்று. இரண்டாவது கட்டம் வந்ததும் மூன்று பேரும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டோம். தர மாட்டோம் என்றில்லை. வாயால் எல்லாம் ஒத்துக்கொண்டோம். எழுத்தில் கொடுத்துவிட்டால் நாளைக்குத் தாளை நீட்டிக் கேட்பார்களே... அதனால் அந்தக் கட்டம் வெள்ளையாகவே இருந்துவிட்டது.

ஆனாலும் ஏற்பாடு ஓடியது. ஆஸ்பத்திரி போத்தலில் நாங்கள் கிணற்றுத் தண்ணீரை நிரப்பி, மரப்பெட்டியில் வைக்கோல் வைத்து அடுக்கி, பாசஞ்சர் வண்டி கார்டிடம் கொடுத்துவிடுவோம். உச்சிப்புளி ஸ்டேஷனில் கடல் லேப் அட்டெண்டர் காதர் சைக்கிளோடு காத்திருப்பார். மூன்று நாளில் முடிவும் வரும், காலி போத்தல்களும் கழுவி வரும். 'போத்தல்களைக் கழுவித் திருப்பித் தரவும்' என்ற ஷரத்தை நான்தான் அடம்பிடித்துச் சேர்த்தேன். எங்கள் லேபுக்குத் தண்ணீர் மாட்டு வண்டியில் வருகிறது. பீப்பாய் தண்ணீரில் குடிக்கவும் வேண்டும், சோதனையும் செய்ய வேண்டும். கழுவி வந்த பாத்திரத்தை மறுபடி கழுவுகிற ஆள் எங்கள் சீமையில் கிடையாது. அப்படி யாராவது கழுவினால் பார்த்தவர்கள் சும்மா விட மாட்டார்கள்.

வாராவாரம் முடிவுகள் வந்தன. எல்லாக் கிணறும் உப்பு. சந்தேகம் வந்ததா? வரவில்லை. ராமநாதபுரம் ஜில்லாக் கிணறு உப்பு என்றால் யாருக்கு ஆச்சரியம்? தலையை ஆட்டிக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

செம்புத் தண்ணீரைக் குடித்த அன்றைக்குத்தான் திரும்பி வந்த பெட்டியிலிருந்து ஒரு போத்தலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் வெள்ளையாக ஒரு பூச்சு. பழைய கண்ணாடி, மங்கிவிட்டது என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். விரலை நனைத்து உள்ளே தேய்த்து நாக்கில் வைத்தேன். ஒரே நாளில் போர்டை இரண்டாம் தடவை மீறியாயிற்று. உப்பு!

செவ்வாய்க்கிழமை காலை பாசஞ்சரில், மிச்சத் தண்ணீரோடு செம்பை மடியில் வைத்துக்கொண்டு கடல் லேபுக்குப் போனேன். காதர் முற்றத்தில் உட்கார்ந்து போத்தல் கழுவிக்கொண்டிருந்தார். புதுமடத்துக்காரர். வேலையில் அவ்வளவு சுத்தம். சோப்புப் போட்டுத் தேய்த்தார். நல்ல தண்ணீர் விட்டு அலசினார். பிறகு பக்கத்திலிருந்த வாளியிலிருந்து மொண்டு ஊற்றி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எண்ணிக் குலுக்கிக் கொட்டினார்.

"அது என்ன தண்ணீர் காதர்?"

"கடத் தண்ணி சார்."

"நல்ல தண்ணீரில் கழுவிவிட்டு எதற்குக் கடல் தண்ணீர்?"

நான் ஏதோ அரிச்சுவடி கேட்ட மாதிரி பார்த்தார். "நல்ல தண்ணி ஒரு சொட்டு உள்ள நின்னாலும் உப்புக் கணக்குத் தப்பிரும் சார். எந்தத் தண்ணிய அள்ளப் போறமோ அந்தத் தண்ணியால மூணு வாட்டி அலசணும். இங்கன அதுதான் சுத்தம். ஒங்க போத்தலு வெளியூரு போறதுன்னு நான் நாலு வாட்டி அலசி விடுறேன்."

நாலு வாட்டி! அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த போத்தலைக் கீழே வைத்துவிட்டார்.

"அல்லாவே... ஒரு பொம்பள நெலம் போகப் பாத்துச்சே சார்."

"உங்கள் மேல் தப்பில்லை காதர். எதில் கழுவ வேண்டும் என்று நான் எழுதவில்லை."

உண்மை அதுதான். ஒருவருடைய கருவியை இன்னொருவருக்கு அனுப்பிவிடலாம், பாசஞ்சர் வண்டி போதும். அந்தக் கருவியைப் புழங்குகிறவரின் பழக்கத்தையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொள்கிறோம் என்பது ஸ்டேஷன் பெஞ்சில் யாருக்கும் தோன்றவில்லை. கடலோரத்தில் கழுவிய போத்தல் வேறு, எங்கள் பக்கம் கழுவிய போத்தல் வேறு. இரண்டும் சுத்தம்தான்.

செம்புத் தண்ணீரை அன்றைக்கே சோதித்தார்கள். காதர் பக்கத்திலேயே நின்றிருந்தார். உப்பு மிகக் குறைவு. மிளகாய்க்குத் தாராளமாகப் பாய்ச்சலாம்.

சரி, புதுச் சீட்டு எழுத வேண்டும். முதல் சீட்டு தவறு என்று யார் ஒப்புக்கொள்வது? கடல் லேப் பொறுப்பாளர், "எங்கள் முறையில் பிழையே இல்லை" என்றார். வாஸ்தவம். ஆஸ்பத்திரிக்காரர், "காலி போத்தல் கொடுத்ததோடு எங்கள் சம்பந்தம் தீர்ந்தது" என்றார். அதுவும் வாஸ்தவம். மூன்று லேபும் அவரவர் வேலையைச் சரியாகச் செய்து, மூன்றும் சேர்ந்து ஒரு பொய்யைத் தயாரித்திருந்தோம். 'முந்தைய சீட்டு தவறு. தவறு எங்களுடையது' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை.

வெள்ளிக்கிழமை நயினார்கோவிலில் பஸ் இறங்கி, நடந்து கிராமத்துக்குப் போனேன். சாவடியில் ஊர் கூடியிருந்தது. முத்திருளன் நல்ல உயரம், நிதானமான பேச்சு. இரண்டு சீட்டையும் வாங்கி, கைக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டுலயும் ஒரே சீலு. ரெண்டுலயும் ஒங்க கையெழுத்து. இதுல எது நெசம் சார்? நாளைக்கு மூணாவது ஒண்ணு வருமா?"

நியாயமான கேள்வி. நான் போத்தல் கதையைச் சொன்னேன். சில்வர் நைட்ரேட் வரை விளக்கினேன். கழுவின போத்தலில் உப்பு எப்படி வரும் என்று ஒருவர் கேட்க, இன்னொருவர் சிரித்தார். பேசப் பேச எனக்கே நம்பிக்கை குறைந்துகொண்டு வந்தது. அவ்வளவுதான், இந்த அம்மாவின் நிலம் என்னால் போகப்போகிறது என்று நினைத்தேன்.

காளியம்மாள் எழுந்தார். என் சீட்டுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"தம்பி, ஒம் மாடு ரெண்டும் எங்க தண்ணி குடிக்கிது?"

முத்திருளன் கையிலிருந்த சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு மாசமா எந் தொட்டியிலதான குடிக்கிது? ஒங் கெணத்த விட்டுட்டு இங்கன எதுக்கு ஓட்டிட்டு வார? உப்புத் தண்ணின்னா வாயில்லாச் சீவன் மறுநா வருமா?"

சாவடி முழுக்கச் சிரிப்பு. முத்திருளன் இரண்டு சீட்டையும் நாலாக மடித்து என்னிடம் நீட்டினார். "சரி மதினி. நெலம் ஒங்களுதுதான். நான் இனிமே பேசல" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரில் பிறகு சொன்னார்கள்.

மூன்று லேப், ஒரு ரயில், ஒரு செம்பு, இரண்டு சீட்டு. தீர்த்து வைத்தது இரண்டு மாடு!

அதே போத்தல்களில் போன தண்ணீருக்கு எழுதிய சீட்டு இன்னும் ஏழு இருந்தது. அடுத்த இரண்டு வாரம் ஊர் ஊராகப் போய் மறுபடி தண்ணீர் எடுத்தேன். மூன்று கிணறு நிஜமாகவே உப்பு. மூன்று நல்ல கிணறு. மிச்சமிருந்த ஒருவர், என் சீட்டை நம்பி, கிணற்றில் மண்ணைத் தள்ளி மூடிவிட்டிருந்தார். அவர் வீட்டு வாசலில் என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த வெள்ளிக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன். கிளம்பும்போது காளியம்மாள் அதே செம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

"கடலுக்குப் பக்கத்துல இருக்காகளே, அவுகளுக்கு நல்ல தண்ணி செரமமாய்யா?"

"சிரமம்தான்மா. எங்களுக்கும்தான்."

"அப்ப அந்தப் போத்தல எல்லாம் எங்கிட்டக் குடுத்து விடுங்க. நாங் கழுவித் தாரேன்."

பஸ் வர நேரமிருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் எழுதிய அந்தத் தாள் பையிலேயே கிடந்தது. எடுத்து, 'எங்களால் தர முடிந்தது' என்ற வெள்ளைக் கட்டத்தில் முதல் வரியை எழுதினேன்: காளியம்மாள் — நல்ல தண்ணீர்.