ஓர் ஆள் அதிகம்

வெளியே கிடக்கும் செருப்புகளை எண்ணிவிட்டுத்தான் ரீத்தா கொட்டகைக் கதவை இழுத்து மூடுவார். நான்கு ஜோடி என்றால் நான்கு பேர். அரைமணி கழித்துக் கண் கூச வெளியே வருகிறவர்களைத் தனித்தனியாக ஓரமாக அழைத்து ஒரே கேள்வி கேட்பார்: "உள்ள எத்தினி பேரு குந்தியிருந்தீங்க?" பெரும்பாலும் ஐந்து என்றே பதில் வரும்.

கச்சிராயபாளையத்துக்கு மேற்கே, முன்பு வெல்லம் காய்ச்சிய கொட்டகை அது. சென்னையில் ஓவியம் படித்துவிட்டு வந்த ரீத்தா, படம் வரைவதை விட்டு இந்த இருட்டைச் செய்திருக்கிறார். சுவரெல்லாம் கரும்புச் சக்கையை அடைத்துப் பூசியதால் வெளியே கேட்கும் சத்தம் உள்ளே எட்டாது. பழைய பாகு வாசனை மட்டும் போகவில்லை. உட்காருகிறவர் நெஞ்சில் சின்ன மைக் ஒன்றைக் கட்டிவிடுவார். தரை மணலுக்கு அடியில் ஸ்பீக்கர்.

"பேயும் இல்ல, பிசாசும் இல்ல சார். உங்க நெஞ்சுத் துடிப்பையே அரை செகண்டு லேட்டா உங்களுக்குக் கேக்க வுடறேன். மூளை ஏமாந்துபூடுது. பக்கத்துல ஒரு ஆளு குந்திக்கினு இருக்கறாப்புல நெனச்சிக்கும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று கேலி பேசிக்கொண்டுதான் நானும் நுழைந்தேன். இருபது நிமிடம் போயிருக்கும். இடப்பக்கம் இருந்தவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். இடப்பக்கம் வெறும் சுவர் என்பது பிறகுதான் தெரிந்தது.

ரீத்தாவுக்கு மட்டும் அது பலிப்பதில்லை. கணவர் சூசை எட்டு வருடத்துக்கு முன் கரியாலூர்ப் பக்கம் அருவியில் குளிக்கப் போய்த் திரும்பவில்லை. பாறைமேல் சட்டை கிடைத்தது, உடல் கிடைக்கவில்லை. "தெனம் ஒரு மணி நேரம் தனியாக் குந்தறேன். ஒருத்தரும் வர்றதில்ல," என்றார், வயரைச் சுருட்டிக்கொண்டே.

அன்று மத்தியானம் சூசையின் அண்ணன் ராயப்பன் காகிதத்தோடு வந்தார். சூசை இறந்துவிட்டதாக ரீத்தா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கோயிலில் பூசை வைத்து, கல்லறையில் சிலுவை நடலாம்.

"எட்டு வருசமா இழுத்துக்கினு கீற. அவன் ஆத்துமா எங்க போயி நிக்கும், சொல்லு."

"மொதல்ல உள்ள போயி குந்திட்டு வாங்க மாமா. வந்து யாரும் இல்லன்னு சொல்லுங்க, போட்டுடறேன்."

அவர் சலித்துக்கொண்டே போனார். ரீத்தா அவருக்கு மைக் கட்டவில்லை. ஸ்பீக்கரையும் போடவில்லை, சுவிட்சை நானே பார்த்தேன். என்னிடம் பேனா வாங்கி, மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அரைமணி ஆனது. ராயப்பன் குனிந்து வெளியே வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இருட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்து வாடா, தல இடிக்கப்போவுது."

ரீத்தா வாசலை விட்டு ஒதுங்கி வழிவிட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.