வெந்நீர் கண்ட வாட்ச்

சின்னத் தாத்தா வீட்டு பீரோவில் ஒரு வாட்ச் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். பட்டுத் துண்டில் சுற்றி வைத்திருப்பார்கள். போன பொங்கலுக்கு அதை எடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஓடாத வாட்ச்ச ஏன்பா பூட்டி வெச்சிக்கினு இருக்காங்க?" என்று உங்களில் பெரியவள் கேட்டாள். அன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். இப்போது சொல்கிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். நீங்கள் சின்னத் தாத்தா என்கிறவர் என் சித்தப்பா. சாயப்பட்டறையில் வேலை. அவருக்குத் தென்னேரியில் பெண் எடுத்தோம். சித்திக்கு அப்பா அம்மா இல்லை. வளர்த்தது எல்லாம் அண்ணன்தான். அந்த அண்ணன், அதாவது எனக்கு மாமா, சிங்கப்பூரில் கப்பலுக்கு வெல்டிங் வைக்கிற வேலையில் இருந்தார். தங்கச்சி கல்யாணத்துக்கு அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச் வந்தது.

நீலத் தட்டு, வெள்ளி மாதிரி பட்டை, இருட்டில் பச்சையாக மின்னும் முள். சுவிஸ் வாட்ச் என்றார்கள். சுவிஸ் என்பது சிங்கப்பூரில் ஒரு கடை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் பட்டாலும் ஒன்றும் ஆகாதாம். சித்தப்பா அதைக் கட்டிக்கொண்டே குளிப்பார். குளித்துவிட்டு வந்து தலையைத் துவட்டுவதற்கு முன்னால் வாட்ச்சைத் துடைப்பார்.

பங்குனியில் ஒருநாள் பள்ளிக்கூடம் அரைநாள்தான். பட்டறைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். செம்பு அண்டாவில் அரக்குச் சாயம் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. சித்தப்பா பட்டு நூலைக் கழியில் மாட்டி அதில் திருப்பிக்கொண்டிருந்தார். சாயம் போடும்போது மட்டும் வாட்ச்சைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாபா, தண்ணிக்குத் தாங்கும்ன்னே, ஆணியில தொங்குது? மச்சான் மெட்ராஸ் பிளாட்பாரத்துல வாங்கி அனுப்பிச்சானா?"

"அவரப் பத்திப் பேசாதீங்க மேஸ்திரி."

"நான் எங்க பேசுறேன்? ஆணியில்ல பேசுது!"

பட்டறையே சிரித்தது. சித்தப்பாவுக்கு முகம் அரக்குச் சாயம் மாதிரி ஆகிவிட்டது. சாயக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாயம் நிற்குமா என்று தெரியவேண்டுமானால் நூலைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு முக்கு, உடனே பச்சைத் தண்ணீரில் ஒரு முக்கு, பிறகு வெள்ளைத் துணியில் ஒற்றிப் பார்ப்பார்கள். துணியில் கறை இல்லையென்றால் நூல் பாஸ். சித்தப்பா வாட்ச்சுக்கும் அதே பரீட்சையை வைத்தார். பட்டைக்குள் கழியை விட்டுத் தூக்கி, பக்கத்து அடுப்பில் கொதித்த வெந்நீரில் முக்கி, அப்படியே தொட்டித் தண்ணீரில் போட்டார். எடுத்துத் துண்டில் ஒற்றினார். துண்டு வெள்ளையாக இருந்தது.

"பாத்தீங்களா மேஸ்திரி? கறை இருக்குதா?"

மேஸ்திரி வாட்ச்சை உற்றுப் பார்த்தார். "கறை இல்லப்பா. ஆனா உள்ள வேர்க்குது பாரு."

கண்ணாடிக்கு உள்பக்கம் பொடிப்பொடியாகத் தண்ணீர். அன்று சாயங்காலமே முள் நின்றுவிட்டது.

அரிசிப் பானைக்குள் மூன்று நாள் வைத்தார். ஓட்டு மேல் வெயிலில் இரண்டு நாள் வைத்தார். வேர்வை மட்டும் காய்ந்தது, தட்டில் காப்பிக் கறை மாதிரி ஒரு வட்டம் நின்றுவிட்டது. வாட்ச் கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, "பச்சத் தண்ணி மட்டும்னா தாங்கியிருக்கும். சூட்டுல ரப்பர் இளகிப்போச்சு, அப்பால குளிர்ல தண்ணிய உறிஞ்சிக்கிச்சு. இட்லியாட்டம் வேக வெச்சிருக்கீங்களேப்பா!" என்று மூடிக் கொடுத்தார்.

சித்தி அழவில்லை, சண்டை போடவில்லை. சித்தப்பாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். நடுவில் நான்தான். "சோறு ஆறுதுன்னு சொல்லுடா கண்ணு" என்று சித்தி சொல்வார். சித்தப்பா இரண்டடி தூரத்தில்தான் இருப்பார். "வரேன்னு சொல்லுடா" என்பார். எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. சித்தப்பா மட்டும் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். ஒரு மாதம் இப்படியே போனது.

அப்போது கடிதம் வந்தது. வைகாசி கருட சேவைக்கு மாமா லீவில் வருகிறார். பெருமாளைச் சேவித்துவிட்டுத் தங்கச்சி வீட்டில் ஒருநாள் இருந்துவிட்டுப் போவார்.

வாட்ச்சைப் பார்த்தால் அவர் மனசு என்ன ஆகும்? வீட்டில் எல்லோருக்கும் அதுதான் கவலை. காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுகூடச் சித்தப்பா யோசித்தார். மாமா வருகிற அன்று காலையில் சித்தியே அந்த வாட்ச்சை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். "கட்டிக்கச் சொல்லுடா. முழுக்கைச் சட்டை போட்டுக்கச் சொல்லு. கால்மணிக்கு ஒருவாட்டி கொல்லைக்கு வரச் சொல்லு."

ஏற்பாடு இதுதான். வாட்ச் ஓடாவிட்டாலும் திருகினால் முள் நகரும். நான் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக் கொல்லைக்கு ஓடி மணி சொல்லவேண்டும். சித்தி முள்ளைத் திருப்பி வைப்பார். மாமா எப்போது எட்டிப் பார்த்தாலும் மணி சரியாக இருக்கும்.

மாமா வந்தார். கறுத்து மெலிந்திருந்தார். கையில் கறுப்புப் பட்டை வைத்த சாதாரண வாட்ச்.

"இந்த வெயில்ல இன்னாத்துக்கு மாப்ள முழுக்கைச் சட்டை?"

"பழக்கமாயிடுச்சு மச்சான்." சித்தப்பாவுக்கு வேர்வை தாடையில் சொட்டியது.

முதல் தடவை கொல்லையில் சித்தி ஒரு வார்த்தை பேசாமல் முள்ளைத் திருப்பினார். இரண்டாம் தடவை, "கையை ஆட்டாம வைங்க" என்றார். நேராகவே சொன்னார், என்னிடம் இல்லை. ஐந்தாம் தடவை சித்தப்பா மறுபடி எழுந்தபோது மாமா கேட்டார், "மாப்ளைக்கு வயிறு சரியில்லயாப்பா?"

அதைக் கொல்லைக்குப் போய் அப்படியே சொன்னேன். சித்தி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தார். சித்தப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்து குலுங்கினார். இரண்டு பேருமாகச் சேர்ந்து வாட்ச் முள்ளை எட்டு நிமிஷம் அதிகமாகத் திருப்பிவிட்டார்கள், நான்தான் திருத்தினேன்.

சாயங்காலம் மாமா கிளம்பினார். பையைத் தூக்கிக்கொண்டு தெரு முனைவரை நான் போனேன். அங்கே நின்றவர், "தம்பி, மாப்ள கையில மணி இன்னான்னு பாத்துக்கினு வா" என்றார். பையைக் கீழே போட்டேன். ஓடினேன். வாசலில் சித்தியும் சித்தப்பாவும் தலையோடு தலை வைத்து அவசரமாகத் திருகினார்கள். திரும்பி ஓடிவந்து, "அஞ்சேகால் மாமா" என்றேன்.

மாமா தன் வாட்ச்சைப் பார்க்கவே இல்லை. எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடுதுப்பா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஸ் கிளப்பிய புழுதி என்று நினைத்தேன்.

வீட்டுக்கு ஓடிவந்து, "மாமாவுக்கு ஒண்ணுமே தெரியல!" என்று குதித்தேன். சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார். ஊரிலேயே பெரிய கெட்டிக்காரன் நான்தான் என்று அன்றைக்கு நினைப்பு.

ரொம்ப வருஷம் கழித்து என் தங்கையை, உங்கள் அத்தையை, வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்தோம். முதல் தடவை அவள் வீட்டுக்குப் போனேன். நாங்கள் கொடுத்த பீரோ, கட்டில் எல்லாம் எதிரில்தான் இருந்தன. என் கண் அதில் எதிலும் நிற்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவள் உள்ளே போனாள், பின்னாலேயே அவள் வீட்டுக்காரரும் போனார். என்னவோ கீழே விழுகிற சத்தம், பிறகு இரண்டு பேரும் அடக்கிக்கொண்டு சிரிக்கிற சத்தம்.

தண்ணீர் வர ரொம்ப நேரமானது. நான் கூப்பிடவில்லை. அன்று தெரு முனையில் மாமா எங்கள் வாசலைப் பார்த்த மாதிரி, அந்த அறை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.