முருங்கைக் கீரையும் என் ரத்தமும்

எழுபதுகளின் நடுவில் என் இதயத்தில் செயற்கை வால்வு வைத்தார்கள். அதில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க ஆயுளுக்கும் மாத்திரை. மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வு அடைத்துக்கொள்ளும். கூடினால் ரத்தம் நிற்காது. அதைச் சோதிக்க வாராவாரம் மீனாட்சிபுரத்திலிருந்து கோயமுத்தூருக்கு பஸ். வால்வு அடைத்துச் சாகிறேனோ இல்லையோ, பஸ்ஸில் குலுங்கியே செத்துப்போவேன் என்று ஒருநாள் டாக்டரிடம் கத்திவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. வீட்டிலேயே பார்க்க ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். விரலைக் குத்தி, ரத்தத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்தபடியே குழாயைத் துண்டு துண்டாக ஒடிக்க வேண்டும். ஒடிந்த முனைகளுக்கு நடுவே ரத்தம் நூலாக இழுத்தால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். நூல் சீக்கிரமே வந்தால் உடனே கிளம்பி வரவேண்டும். மற்றபடி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாட்டின் வயிற்றில் கன்று புரண்டு கிடந்தால் தோள்வரை கைவிட்டுத் திருப்புகிற என் வீட்டுக்காரருக்கு என் விரலைக் குத்த மனசு வரவில்லை. "நீயே குத்திக்க. ஒடிக்கிறத நான் ஒடிக்கறேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நானே குத்திக்கொண்டேன்.

மாமியாருக்குத்தான் அது பொறுக்கவில்லை. "இருக்கற ரத்தத்தையும் இப்பிடிக் குத்திக் குத்தி எடுத்தா புள்ள என்னத்துக்கு ஆகும்?" என்று, சோதனை நடக்கிற நாளெல்லாம் முருங்கைக் கீரை ஆக்கிப் போட்டார். பிறகு மற்ற நாட்களிலும். ருசியாக இருந்தது. நானும் வழித்துத் தின்றேன்.

ஒருநாள் காலை, ஒடிக்க ஆரம்பித்ததுமே நூல் வந்துவிட்டது. பாலைக் கறந்து வைத்துவிட்டு மூவரும் பஸ் ஏறினோம். நெஞ்சுக்குள் வால்வின் டிக் டிக் நின்றுவிடுமோ என்று வழியெல்லாம் பயந்து செத்தேன்.

வால்வுக்கு ஒன்றும் ஆகவில்லை. டாக்டர் என் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். மாமியார் முந்திக்கொண்டார்: "தெனமும் முருங்கக்கீரைதானுங்க. ரத்தம் ஊறட்டும்னு நான்தான் ஆஞ்சு ஆக்கிப் போடறனுங்க."

டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அந்தக் கீரைதாம்மா மாத்திரையை வேலை செய்ய விடாமப் பண்ணியிருக்கு."

திரும்பும்போது மாமியார் அழுதுகொண்டே வந்தார். "ஏனுங்க அத்தை, மருமகளைக் கொல்லறதுக்குக் கீரைதான் கெடச்சுதுங்களா?" என்று கேட்டேன். அழுகைக்கு நடுவிலேயே சிரித்துவிட்டார்.

அடுத்த சோதனையின்போது மாமியார் என் எதிரில் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். "கட்டீராத சாமி, கட்டீராத" என்று என் ரத்தத்தையே கும்பிட்டார். நூல் நிதானமாக, வரவேண்டிய நேரத்துக்குத்தான் வந்தது. மாமியார் என் விரலை முந்தானையால் அழுத்திப் பிடித்தார். ரத்தம் நின்ற பிறகும் விடவில்லை.