பதினொரு நாள் பின்தங்கிய பிரதி

தரவுகளுக்குப் பிரதி எடுத்து வைக்கும் வேலையில் நான் இருபது வருடத்துக்குக் கிட்ட இருக்கிறேன். என்ன வேலை என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் விளக்கம் சொல்வதில்லை. "கொம்பியூட்டர்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன். ஓரிடத்தில் இருப்பதை இன்னோரிடத்திலும் வைத்திருந்து, முதலாவது அழிந்தால் இரண்டாவதைக் கொண்டு காரியம் பார்க்க வழி செய்வதுதான் என் வேலை. எல்லாம் ஒழுங்காக நடந்தால் நான் ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். பிசகினால் மட்டும் எல்லாரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். இப்படியொரு தொழிலை யார் விரும்பித் தேடுவார்கள் என்று பஸ்ஸில் இருந்து பலமுறை யோசித்திருக்கிறேன். ஒருமுறையும் பதில் வந்ததில்லை, அதற்குள் இறங்குமிடம் வந்துவிடும்.

நெல்லியடியில் ஒரு சிறிய மருத்துவப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போன ஊர்க்காரர் சிலர் குழுவாகச் சேர்ந்து நடத்துகிறார்கள். இரத்தம், சிறுநீர், ஸ்கான் எல்லாம் பார்ப்பார்கள். அதன் பதிவுகளைப் பாதுகாக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அங்கே இன்டர்நெட் நினைத்த நேரம் வரும், நினைத்த நேரம் போகும். அதனால் பதிவுகள் முதலில் எழுதப்படும் மூல சேர்வரை நிலையத்தின் மேல்மாடி அறையிலேயே வைத்தேன். அதில் எழுதப்படுவது ஐந்து நிமிடத்துக்குள் சிங்கப்பூரில் உள்ள கிளவுட்டுக்குப் போகும். சிங்கப்பூரைப் பார்த்து மும்பாயில் இன்னொரு பிரதி எழுதப்படும். நெல்லியடி சேர்வர் செத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் சிங்கப்பூரைக் கொண்டு வேலையைத் தொடரலாம். கடதாசியில் வடிவான திட்டம்.

நிலையத்துக்குப் பொறுப்பான டொக்டர் ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். தொடங்கும்போதே அவரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன்.

"டொக்டர், ஏதும் நடந்தால் எவ்வளவு நேரத்துப் பதிவு போனால் தாங்குவியள்?"

"ஏன் பிள்ளை போகவேணும்? போகாமல் பாக்கத்தானே உங்களைக் கூப்பிட்டது."

ஐந்து நிமிடம் என்று நானே எழுதிக்கொண்டேன்.

இந்த வேலையில் ஒத்திகை முக்கியம். மூல சேர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, பிரதியைக் கொண்டு ஒரு நாள் நடத்திப் பார்க்கவேண்டும். முதல் திகதி குறித்தேன், கோயில் தேர் என்று தள்ளிப்போனது. இரண்டாவது திகதி ஒருவரின் அந்தியேட்டிச் சடங்கோடு முட்டியது. மூன்றாவது முறை டொக்டரே மெதுவாகச் சொன்னார், "நல்லா நடக்கிற ஒண்டை ஏன் பிள்ளை நிப்பாட்டிப் பாப்பான்? அழிவைப் பற்றி அடிக்கடி கதைக்கக் கூடாது." எங்கள் ஆட்கள் அழிவுக்கு ஒத்திகை பார்க்க மாட்டார்கள். பார்த்ததெல்லாம் அசல்தான். நானும் வற்புறுத்தவில்லை. உள்ளுக்குள் ஒரு நாள் வேலை மிச்சம் என்று ஆறுதலாகக்கூட இருந்தது.

பதிவுகள் முழுவதையும் பார்த்தவர் ஓர் அக்கா. ஐம்பது தாண்டியவர். அவரைவிட மூத்த டொக்டரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவருடைய வீட்டில் வேலைக்குப் போவது அவர் ஒருவர் மட்டும். மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். "இவள் முடிக்குமட்டும் இந்தக் கதிரையை விடன்" என்று சிரித்துக்கொண்டு சொல்வார். சிரித்தாலும் அது பகிடி இல்லை.

ஐப்பசி பிறந்து மாரி தொடங்கியது. இடி முழங்கினால் பிளக்கைக் கழற்றுவது எங்கள் பக்கத்தில் தீபம் கண்டால் கும்பிடுவதுபோல, யோசித்துச் செய்வதில்லை. ரீவி, பிரிட்ஜ், ரவுட்டர் எல்லாம் கழற்றிவிட்டுத்தான் யன்னலைச் சாத்துவோம். அக்காவும் வானம் கறுத்தால் மேல்மாடிக்கு ஓடிப்போய் சேர்வரை ஒழுங்காக நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வயரைச் சுருட்டி வைப்பார். மழை விட்டதும் திரும்பப் போடுவார். ஒருமுறை நானே பார்த்துக்கொண்டு நின்றேன். மறிக்கவில்லை. என் வீட்டில் நானும் அதைத்தானே செய்கிறேன்.

அதில் ஒரு பிழை இருந்தது, அது என்னுடையது. சேர்வர் திரும்ப எழும்பும்போது மற்றதெல்லாம் தானாக எழும்பும். சிங்கப்பூருக்கு அனுப்பும் புரோகிராம் மட்டும் எழும்பாது. வீட்டிலிருந்து நான் ஒருமுறை தட்டிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை. அதைத் தானாக எழும்பச் செய்வது அரை நாள் வேலை. நான் இரண்டு நிமிடத்தையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டு, அரை நாளைத் தள்ளிப்போட்டேன்.

பிரதி பின்தங்கினால் மணித்தியாலத்துக்கு ஒரு மெயில் எனக்கு வரும். மாரியில் கறண்ட் போவதும் வருவதுமாக இருந்ததில் மெயில்கள் குவிந்தன. நான் வேலை பார்க்கும் இன்னும் நான்கு இடங்களின் மெயில்களும் அதோடு சேர்ந்தன. புலி வருகுது கதைதான். ஒரு நாள் எரிச்சலில் அவற்றையெல்லாம் ஒரு தனி போல்டருக்குள் போகும்படி செய்தேன், காலையும் மாலையும் திறந்து பார்ப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு. சில நாட்கள் பார்த்தேன். பிறகு பார்க்கவில்லை. அம்மாவுக்குச் சுகமில்லை, பிள்ளைக்குச் சோதனை என்று எழுதினால் வாசிப்பவர்கள் இரங்குவார்கள். அப்படி ஒன்றும் இல்லை. களைப்பு, அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை பின்னேரம் நல்ல இடி. அக்கா கழற்றினார், போட்டார். அதன் பிறகு வானம் வெளித்துவிட்டது, இடியும் இல்லை, கழற்றவும் இல்லை. பதினோராம் நாள், வெள்ளிக்கிழமை காலை, சேர்வரின் டிஸ்க் செத்துப்போனது. மின்னலும் இல்லை, வெள்ளமும் இல்லை. வயது போய்ச் செத்தது.

நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்து நாற்பது நிமிடத்தில் சிங்கப்பூரை எழுப்பினேன். டொக்டர் முதுகில் தட்டினார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அப்போது அக்கா ஒருவரின் பெயரைத் தேடினார். முந்தைய நாள் வந்தவர், அவர் இல்லை. முந்தைய கிழமை வந்தவர் ஒருவரைத் தேடினார். அவரும் இல்லை.

"தங்கச்சி, இதிலை போன கிழமை ஒண்டும் இல்லையே."

மும்பாயைத் திறந்தேன். வகுப்பில் பக்கத்து வாங்கில் இருப்பவனைப் பார்த்து எழுதுபவன், அவன் எழுதாததை எப்படி எழுதுவான்? அதிலும் அதே திங்கட்கிழமையோடு எல்லாம் நின்றிருந்தது. அன்றைக்குப் பிறகு நான் தட்டிவிடவேயில்லை.

காப்பாற்றியது அக்காவின் சீ.ஆர். கொப்பி. வருகிறவர்களின் பெயரையும் போன் நம்பரையும் அவர் அதில் தனியாக எழுதுவார். யாரும் எழுதச் சொன்னதில்லை. அதைப் பார்த்து ஒவ்வொருவராகப் போன் எடுத்தோம். ஆட்கள் ஷொப்பிங் பையோடு வந்தார்கள். பையைத் திறந்தால் பொலித்தீன் உறை, உறைக்குள் ரிப்போட் கடதாசி. எந்தக் கடதாசியையும் எறியாத சனம். இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் அலைந்தவர்களுக்குக் கடதாசியின் அருமையைப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. "இது ஒறிஜினல், விட்டிட்டுப் போகமாட்டன். கொப்பி அடிச்சிட்டு இப்பவே தாங்கோ" என்று பருத்தித்துறையிலிருந்து வந்த ஒரு ஐயா பக்கத்திலேயே நின்று வாங்கிக்கொண்டு போனார். அக்கா நான்கு நாட்கள் இருந்து எல்லாவற்றையும் திரும்பப் பதிந்தார். சிலருடையது மட்டும் கிடைக்கவேயில்லை.

ஐந்தாம் நாள் வெளிநாட்டுக் குழுவோடு வீடியோவில் கூட்டம். டொக்டர், அக்கா, நான் மூவரும் ஒரு மேசையில் இருந்தோம். தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார்: பிரதி ஏன் நின்றது?

"இடிக்கு மின் இணைப்பு கழற்றப்பட்டதால் அனுப்புவது நின்றுவிட்டது," என்றேன். ஒரு சொல்லும் பொய் இல்லை. கழற்றப்பட்டது. யாரால் என்று நான் சொல்லவில்லை. அனுப்புவது நின்றதை யார் பார்த்திருக்க வேண்டும் என்பதையும் சொல்லவில்லை.

"ஆர் கழட்டினது?"

"நான்தான் ஐயா கழட்டினனான்," என்றார் அக்கா. உடனே சொன்னார். மறைக்க வேண்டிய காரியமென்று அவருக்குத் தோன்றவேயில்லை.

விசாரித்து முடியும்வரை அக்கா வீட்டில் நிற்கட்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். வேறு ஆளைப் பார்ப்பது பற்றியும் ஒருவர் பேசினார். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசை லாச்சியைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, பாவம் பக்கத்துக் கதிரையில் வாயைத் திறக்காமல் இருந்தது.

அக்கா வீட்டில் நின்ற முதல் நாள், விசாரணையில் தானாகத் தெரியவரும் என்று இருந்தேன். என்னை விட்டால் விசாரிக்கத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாம் நாள், இந்த வேலை போனால் மற்ற நான்கு இடமும் போகும் என்று பயந்தேன். மூன்றாம் நாள் காலை, அந்தப் போல்டரைத் திறந்து மெயில்களை எண்ணினேன். எண்ணியதை அப்படியே எழுதி, மெயில்களின் பட்டியலையும் சேர்த்து, டொக்டருக்கும் குழுவுக்கும் அனுப்பினேன். அனுப்பியதும் பெரிய நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நித்திரைதான் வந்தது.

டொக்டர் போனில், "இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே பிள்ளை," என்றார்.

"ஓம், டொக்டர்."

என்னை அவர்கள் நிறுத்தவில்லை. இந்த வேலைக்கு இங்கே வேறு ஆள் இல்லை. அக்காவையும் அடுத்த நாளே கூப்பிட்டார்கள்.

அக்கா வந்த அன்று நானும் போயிருந்தேன், விட்ட அரை நாள் வேலையைச் செய்து முடிக்க. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எதிரே இருந்தார்.

"மூண்டு நாளும் அயல்ச் சனம் கேட்டுது, ஏன் வேலைக்குப் போகேல்லை எண்டு. காய்ச்சல் எண்டு சொன்னன். மகளுக்குப் போனிலையும் காய்ச்சல் எண்டுதான் சொன்னன்."

நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன்.

"தங்கச்சி, அது நிண்டிட்டுது எண்டு உங்களுக்கு மெயில் வந்ததாம்."

"ஓம் அக்கா."

"எத்தினை?"

"இருநூற்று ஐம்பத்தெட்டு."

கோபம் இருந்த மாதிரித் தெரியவில்லை. கணக்கு விளங்காத பிள்ளை மாதிரி என்னைப் பார்த்தார்.

"அண்டைக்கு நான் ஒருக்காத்தானே கழட்டினனான்," என்றார்.

ஏசியிருந்தால் நான் அழுதிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றார். நான் குடித்தேன்.